காட்டு முயல் குறைகிறது: கிராமத்து வேட்டைக்காரர்கள் என்ன செய்வார்கள்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எந்த முயலைப் பற்றிப் பேசுகிறோம்?

ஐரோப்பியக் காட்டு முயல். மண்ணில் வளை தோண்டிக் கூட்டமாக வாழும். குட்டிகள் கண் திறக்காமல், முடியில்லாமல் வளைக்குள் பிறக்கும். திறந்த வெளியில் தனியாகப் படுத்துக் கிடக்கும் நெடுங்கால் முயல் வேறு இனம். அதைப் பிறகு ஒரே ஒரு இடத்தில்தான் தொடுவோம். வளைமுயலின் பூர்வீகம் ஸ்பெயினும் போர்ச்சுகலும் சேர்ந்த ஐபீரியத் தீபகற்பம். பிரிட்டனுக்கு 12ஆம் நூற்றாண்டு வாக்கில், பிரான்சிலிருந்து வந்து இங்கிலாந்தை ஆண்ட நார்மன்கள் கொண்டுவந்தார்கள். இறைச்சிக்கும் தோலுக்குமாக வளர்த்தது, வேலி தாண்டிக் காடேறிவிட்டது.

உண்மையிலேயே குறைகிறதா? ஸ்பெயினில் முயல் தொல்லை என்று விவசாயிகள் புலம்புகிறார்களே!

இரண்டுமே உண்மை. குழப்பமே அங்கிருந்துதான் ஆரம்பிக்கிறது.

பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2019இல் இந்த முயலை 'அழியும் ஆபத்தில் உள்ள இனம்' என்ற பட்டியலில் சேர்த்தது. பூர்வீக நிலத்தில் அதன் நிலைமை அவ்வளவு மோசம். பிரிட்டனில் 1990களின் நடுப்பகுதிக்கும் 2018க்கும் இடையில் 60 சதவீதத்துக்கு மேல் குறைந்திருக்கிறது. ஆண்டுதோறும் பறவைக் கணக்கெடுப்புக்குப் போகும் தன்னார்வலர்கள், வழியில் கண்ணில் படும் பாலூட்டிகளையும் குறித்து வைக்கிறார்கள். அந்தக் குறிப்புகளில் இருந்து வந்த கணக்கு இது.

ஆனால் ஸ்பெயினின் காஸ்டில்யா-லா மாஞ்சா பகுதிக்குப் போனால் கதையே வேறு. நெடுஞ்சாலை, ரயில் பாதைக் கரைகளில் முயல் வளைகள் சல்லடையாக இருக்கும். திராட்சைக் கொடி, இளம் பிஸ்தா, பாதாம் கன்று, கோதுமை என எதையும் விட்டுவைக்காது. அரசு 'வேட்டை அவசரநிலை' அறிவித்து, வழக்கமான பருவத்துக்கு வெளியிலும் முயலைச் சுட அனுமதிக்கிறது.

காரணம் ஓரளவு எளியது. சாலைக் கரை மண் இளகியது, தோண்ட வசதி. பக்கத்திலேயே பயிர். துப்பாக்கியோ நரியோ அங்கே அதிகம் வராது. முயலுக்கு வேறென்ன வேண்டும்? மலைப்புதர்க் காடுகளில், அதாவது அது இருக்க வேண்டிய இடத்தில், வளைகள் காலியாகக் கிடக்கின்றன. மொத்த எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் இது தெரியாது. விவசாயியும் வேட்டைக்காரரும் இயற்கை ஆர்வலரும் ஒருவரையொருவர் பொய்யர் என்று திட்டிக்கொள்வதற்குப் பாதிக் காரணம், மூவரும் வேறு வேறு நிலத்தைப் பார்த்துப் பேசுவதுதான்.

ஏன் குறைந்தது?

முதல் காரணம் நோய். அதுவும் இரண்டு நோய்.

முதலாவது மிக்சோமடோசிஸ். தென் அமெரிக்க முயல்களுக்கு இந்த வைரஸ் பெரிதாக ஒன்றும் செய்யாது, ஐரோப்பிய முயலுக்கு எமன். 1952 ஜூனில், பிரான்சில் பால்-ஃபெலிக்ஸ் ஆர்மான்-டெலீல் என்ற ஓய்வுபெற்ற மருத்துவர், தன் மாயெபுவா பண்ணையில் முயல் தொல்லை தாங்காமல், இரண்டு முயல்களுக்கு இந்த வைரஸைச் செலுத்தி அவிழ்த்துவிட்டார். பண்ணையைச் சுற்றி மதில் இருந்தது. மதில் கொசுவைத் தடுக்குமா? இரண்டே ஆண்டில் பிரான்சின் காட்டு முயல்களில் 90 சதவீதத்துக்கு மேல் செத்தன. 1953இல் இங்கிலாந்தின் கென்ட் பகுதிக்குள் நுழைந்தது. 1955 முடிவதற்குள் பிரிட்டனில் 95 சதவீதத்துக்கு மேல் போய்விட்டன. ஆர்மான்-டெலீலுக்கு நீதிமன்றம் 5,000 பிராங்க் அபராதம் விதித்தது. அப்புறம் 1956இல் அதே மனிதருக்குப் பதக்கமும் கொடுத்தார்கள்! பதக்கத்தின் ஒரு பக்கம் அவர் முகம், மறுபக்கம் செத்த முயல். வேட்டைக்காரர்கள் கொதித்ததும் விவசாயிகளும் வனத்துறைக்காரர்களும் கொண்டாடியதும் ஒரே சம்பவத்துக்காக.

பிழைத்த முயல்களின் வழிவந்தவை மெல்ல எதிர்ப்புசக்தி பெற்றன. எண்ணிக்கை ஏறத் தொடங்கிய நேரத்தில் இரண்டாவது அடி விழுந்தது: முயல் ரத்தக்கசிவு நோய். 1984இல் சீனாவில், ஜெர்மனியிலிருந்து இறக்குமதியான அங்கோரா முயல்களில் முதலில் தெரிந்தது. 1980களின் முடிவில் ஸ்பெயினின் காடுகளுக்கு வந்துவிட்டது. இந்த நோயில் ஒரு சின்ன ஆறுதல் இருந்தது. சில வாரமே ஆன குட்டிகளை அது கொல்லாது. குட்டியில் தொற்றி மீண்டது, பெரிதானபின் எதிர்ப்போடு வாழும்.

2010இல் பிரான்சில் தோன்றிய புதுவகை வைரஸ் அந்த ஆறுதலையும் பறித்தது. இது வளைக்குள் இருக்கும் குட்டிகளையும் கொல்கிறது. அடுத்த தலைமுறை வெளியே வருவதற்கு முன்பே போய்விடுகிறது. ஐபீரியாவில் இது பரவிய ஓரிரு ஆண்டுகளில், முயலை நம்பி வாழும் லின்க்ஸ் காட்டுப்பூனைகளும் ஸ்பானிய அரசகழுகுகளும் ஈனும் குட்டி, குஞ்சுகளின் எண்ணிக்கையே விழுந்தது.

நோய் மட்டும்தானா?

இல்லை. வயலோரப் புதர், வேலி, தரிசு, சின்னச் சின்னப் பாத்திகள் எல்லாம் கலந்து கிடந்த நிலம்தான் முயலுக்குப் பிடித்தது. மேய ஒரு அடி, ஒளிய ஒரு அடி. வேலிகளைப் பிடுங்கி ஒரே வயலாக்கிய இடத்தில் ஒளிய வழியில்லை. விவசாயத்தைக் கைவிட்டு ஊரே காலியான மலைப்பகுதிகளில் புதர் மண்டிக் காடாகிவிட்டது, அங்கே மேயப் புல்லில்லை. மத்தியதரைக்கடல் பகுதியில் முயல் சினைப்பிடிப்பது இலையுதிர்கால மழையில் முளைக்கும் பசும்புல்லை நம்பித்தான். மழை தவறினால் அந்த ஆண்டு குட்டியும் குறைவு.

நோய் அடித்த பிறகு நல்ல நிலத்தில் இருக்கும் முயல் சில ஆண்டுகளில் மீண்டுவிடும். கெட்ட நிலத்தில் இருப்பது மீளாது. எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமாகப் படுகிறது.

வேட்டைக்காரர்களே சுட்டுத் தீர்த்துவிட்டார்களா?

தீர்க்கவில்லை. மாதம் ஒரு முறை நான்கைந்து குட்டி போடக்கூடிய விலங்கைத் துப்பாக்கியால் மட்டும் ஒழிப்பது கடினம். ரோமானியர் காலத்தில் பலியாரிக் தீவுவாசிகள் முயல் தொல்லை தாங்காமல் அகஸ்டஸ் சக்கரவர்த்தியிடம் ராணுவ உதவி கேட்டதாக ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதியிருக்கிறார். அன்றைக்கே முடியவில்லை.

அதற்காக வேட்டைக்காரர் கையில் ஒன்றுமே இல்லை என்றும் சொல்ல முடியாது. நோய் வந்து போன பிறகு, அக்டோபர் முதல் ஜனவரி வரையான பருவத்தில் எஞ்சி நிற்கும் முயல் யார்? நோயைத் தாங்கி, எதிர்ப்புசக்தியோடு, இனப்பெருக்கத்துக்குத் தயாராக இருக்கும் முயல். அதைச் சுடுவது விதைநெல்லை எடுத்துச் சமைப்பது மாதிரி. கோடைத் தொடக்கத்தில் குட்டிகள் நிறைந்திருக்கும்போது, எப்படியும் பெரும்பாலானவை சாகப்போகிற காலத்தில், அளவாகச் சுடுவதால் ஏற்படும் சேதம் குறைவு. எண்ணிக்கை விழுந்த இடத்தில் பழைய நாட்காட்டியையே பிடித்துக்கொண்டிருப்பது தவறு என்று பல வேட்டைச் சங்கங்களே ஒப்புக்கொண்டு நாள்களைக் குறைத்துவிட்டன.

சரி, முயல் இல்லாமல் போனால் வேட்டைக்காரருக்கு அப்படி என்ன இழப்பு? வேறு விலங்கைத் தேடிப் போகலாமே?

வெளியிலிருந்து பார்ப்பவர்கள் கேட்கும் கேள்வி. முயல் வேட்டை கிராமத்து எளியவர்களின் வேட்டை. மான் வேட்டைக்குப் பெரிய நிலம், அனுமதிச்சீட்டு, பணம், ஆள்கட்டு எல்லாம் வேண்டும். முயலுக்கு ஒரு பழைய துப்பாக்கி, ஒரு நாய், ஞாயிற்றுக்கிழமைக் காலை போதும். ஸ்பெயினில் ஊர்ச் சங்கத்துக்கு ஆண்டுச் சந்தா கட்டிவிட்டுத் தன் ஊர் எல்லைக்குள்ளேயே நடந்து சுடுகிறவர்கள் ஏராளம். பிரான்சிலும் 1964இல் வந்த வெர்தெய் சட்டத்தின்படி பல ஊர்களில் சின்ன நிலங்களைச் சேர்த்து ஊர்ச் சங்கமே வேட்டை உரிமையை நடத்துகிறது.

பிரான்சின் கணக்கைப் பாருங்கள். 1970களின் நடுவில் ஒரு பருவத்தில் சுட்ட முயல் ஒரு கோடிக்கும் மேல். 1990களின் முடிவில் முப்பது லட்சம் அளவுக்கு இறங்கிவிட்டது. அதற்குப் பிறகும் இறக்கம்தான். அதே காலத்தில் வேட்டைக்காரர்கள் எண்ணிக்கையும் இருபது லட்சத்துக்கு மேலிருந்து சுமார் பத்து லட்சமாகிவிட்டது. முயல் குறைந்ததால் மட்டும் அவர்கள் விலகினார்கள் என்று சொல்ல முடியாது. கிராமங்கள் காலியாயின, வயதாயிற்று, பிள்ளைகளுக்கு ஆர்வமில்லை. ஆனால் காலையில் கிளம்பி மதியம் வெறுங்கையோடு திரும்புகிற ஒரு பொழுதுபோக்குக்குப் பதினைந்து வயதுப் பையனை எத்தனை வாரம் கூட்டிப்போக முடியும்?

நாய்களை மறக்கக் கூடாது. இபிசா தீவின் பொடென்கோ நாய்கள் கூட்டமாகச் சென்று, காதையும் மூக்கையும் நம்பிப் புதருக்குள் முயலைக் கண்டுபிடித்து, துப்பாக்கி இல்லாமலே பிடிக்கும். இதை எந்தப் பயிற்சியாளரும் சொல்லிக்கொடுத்துவிட முடியாது. இளம் நாய், மூத்த நாய்களோடு ஓடி, உண்மையான முயல் வாடையைத் தொடர்ந்துதான் கற்கும். வாடையே இல்லாத மலையில் இரண்டு பருவம் ஓடிய நாய் வெறும் ஓட்டக்கார நாய்.

இங்கிலாந்தில் ஃபெரட் வைத்து முயல் பிடிப்பவர்கள் நிலை இன்னொரு விதம். ஃபெரட் என்பது கீரி அளவில் மெலிந்து நீண்ட, பழக்கிய வேட்டைப் பிராணி. குளிர்காலத்தில் இலையெல்லாம் உதிர்ந்தபின், வேலியோர வளைகளின் ஒவ்வொரு வாயிலும் சுருக்குவலை விரிப்பார்கள். பேச்சு மூச்சு இருக்காது. ஃபெரட்டை ஒரு வாயில் விட்டால், காலுக்கடியில் மண்ணுக்குள் தட்தட்டென்று சத்தம் கேட்கும். அடுத்த நொடி ஏதோ ஒரு வாயிலிருந்து முயல் பாய்ந்து வலையில் உருளும். இவர்களில் பலருக்கு இதுதான் பிழைப்பு, அல்லது பக்கவருமானம்: முயல் தொல்லை என்று விவசாயி கூப்பிடுவார், பிடித்துக்கொடுத்துவிட்டு இறைச்சிக்காரரிடம் விற்பார்கள். அழைப்பு குறைந்தால் ஃபெரட்டுக்குத் தீனி போடுவதே நஷ்டம். பருந்து பறக்கவிடுவோருக்கும் இதே கதை. ஹாரிஸ் பருந்துக்குத் தோதான இரை முயல்தான்.

முயல் போனால் காட்டுப்பன்றி இருக்கிறதே?

இருக்கிறது. பிரான்சில் 1970களின் தொடக்கத்தில் ஆண்டுக்குச் சில பத்தாயிரம் பன்றி சுட்டார்கள். இப்போது ஏழு லட்சத்துக்கும் மேல். எஞ்சிய வேட்டைக்காரர்கள் பெரும்பாலும் அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டார்கள். ஆனால் பன்றி வேட்டை கூட்டு வேட்டை: ஒலிப்பான் ஊதி, ஆள் நிறுத்தி, விரட்டிச் செய்வது. தனியாக நாயோடு நடக்கும் சுகம் அதில் இல்லை. பிரான்சில் பன்றியும் மானும் செய்யும் பயிர்ச்சேதத்துக்கு நட்டஈடு தருவது வேட்டைக்காரர் கூட்டமைப்புகள்தான், அந்தச் சுமையும் தலையில் ஏறும். ஸ்பெயினில் முயல் பெருத்த ஊர்களிலும் இதே தலைவலி உண்டு: அந்த நிலத்தின் வேட்டை உரிமை யாரிடமோ, சேதத்துக்குப் பொறுப்பும் அவரே. முயல் இல்லாத ஊர்க்காரருக்குச் சுட ஒன்றுமில்லை, இருக்கும் ஊர்க்காரருக்கு வழக்கு.

வேறிடத்தில் முயல் பிடித்துவந்து நம் நிலத்தில் விட்டால் ஆகாதா?

ஆகும், ஆனால் பெரும்பாலும் காசு கரையும். பெட்டியைத் திறந்து விட்ட முயலுக்கு எங்கே வளை, எங்கே புதர் என்று தெரியாது. பதற்றத்தில் அலையும்போது நரி பிடித்துவிடும். முதல் சில நாள்களிலேயே பெரும்பகுதி தீர்ந்துவிடுவது வழக்கம். பிழைத்தாலும், வந்த இடத்தின் வைரஸையும் கூடவே கொண்டுவந்திருக்கலாம்.

இன்னொரு சங்கதி: ஐபீரியாவில் இரண்டு கிளையினங்கள் உண்டு, தென்மேற்கில் ஒன்று, வடகிழக்கில் ஒன்று. லாரியில் ஏற்றி இங்கும் அங்கும் விட்டால் இரண்டும் கலந்துவிடும்.

செய்துதான் ஆக வேண்டுமென்றால் முதலில் வீடு கட்டுங்கள். கல்லும் மரச்சட்டமும் அடுக்கி மேலே மண்போட்டுச் செயற்கை வளைமேடு அமைத்து, சுற்றிலும் வேலியடித்து, முயலைச் சில நாள் உள்ளேயே பழகவிட்டு, பிறகு திறக்க வேண்டும். பக்கத்தில் ஒரு துண்டு தானியம் விதைத்து அறுக்காமல் விட வேண்டும். இவ்வளவும் செய்யத் தயாரான சங்கம், அருகில் கொஞ்சம் முயல் மிஞ்சியிருந்தால், வெளியிலிருந்து கொண்டுவராமலேயே பலன் பார்க்கும்.

தடுப்பூசி போட முடியாதா?

வீட்டு முயலுக்கு இரண்டு நோய்க்கும் தடுப்பூசி உண்டு. காட்டு முயலை ஒவ்வொன்றாகப் பிடித்து ஊசி போடுவது ஆகிற காரியமா? அடுத்த மாதம் பிறக்கும் குட்டிக்கு மறுபடி யார் போடுவது? ஸ்பெயினில் ஒரு துணிச்சலான யோசனை வந்தது: முயலுக்கு முயல் தானாகவே பரவக்கூடிய, இரு நோய்களிலிருந்தும் காக்கும் தடுப்பு வைரஸ். மெனோர்கா அருகே ஈஸ்லா தெல் ஐரே என்ற குட்டித்தீவில் சோதித்தும் பார்த்தார்கள். ஊசி போடாத முயல்களில் ஒரு பகுதியிலும் எதிர்ப்புசக்தி தெரிந்தது. வேட்டைக்காரர் கூட்டமைப்பு அதற்குப் பணமும் கொடுத்தது. ஆனால் தானாகப் பரவும் மரபணு மாற்ற வைரஸை வெளியே விட யாருக்குத்தான் தைரியம் வரும்? ஆஸ்திரேலியாவில் முயலை ஒழிக்கத்தான் வைரஸ் விடுகிறார்கள். இந்தத் தடுப்பு வைரஸ் அங்கே போய்ச் சேர்ந்தால் அவ்வளவுதான். திட்டம் களத்துக்கு வரவில்லை.

ஆஸ்திரேலியாவில் மட்டும் ஏன் தலைகீழ்?

அங்கே முயல் வந்தேறி. 1859இல் தாமஸ் ஆஸ்டின் என்ற பண்ணைக்காரர் சுட்டு விளையாடுவதற்காக விக்டோரியாவில் 24 முயல்களை வரவழைத்தார். கண்டமே நிரம்பிவிட்டது. 1950இல் மிக்சோமடோசிஸையும் 1990களில் ரத்தக்கசிவு நோயையும் அங்கே ஆயுதமாகவே பயன்படுத்தினார்கள். முயல் பிடித்து இறைச்சியும் தோலும் விற்றுப் பிழைத்தவர்கள் அங்கும் தொழிலை இழந்தார்கள்.

லின்க்ஸ் வேட்டைக்காரருக்குப் போட்டியா?

ஐபீரிய லின்க்ஸ் நாளுக்கு ஏறக்குறைய ஒரு முயல் தின்னும். 2002இல் 94ஆக இருந்த அந்தப் பூனை 2024 கணக்கெடுப்பில் 2,401. எனவே சில வேட்டைப் பண்ணைக்காரர்கள் முகம் சுளிப்பது புரிகிறது. ஆனால் லின்க்ஸ் தன் எல்லைக்குள் நரியையும் கீரியையும் சும்மா விடாது; விரட்டும், கொல்லும். நரி பத்து இருந்த இடத்தில் லின்க்ஸ் இரண்டு இருந்தால் முயலுக்கு அது மோசமான பேரம் இல்லை. லின்க்ஸ் மீட்புக்கு வரும் பணம் பெரும்பாலும் முயல் நிலத்தைச் சீர்செய்யத்தான் செலவாகிறது, அந்தப் பலன் வேட்டைக்காரருக்கும் சேரும். 2021இல் தொடங்கிய 'லைஃப் இபெர்கொனெக்கோ' திட்டத்தில் வேட்டைக்காரர், விவசாயி, இயற்கை ஆர்வலர் மூவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து முயலை எப்படி எண்ணுவது என்பதில் ஒத்துப்போக முயன்றார்கள். இந்த விஷயத்தில் அதுவே பெரிய சாதனை.

முயல் குறைந்தால் யாருக்கு என்ன குறை? பயிர் தப்பித்ததே?

பிரிட்டனில் பெருநீல வண்ணத்துப்பூச்சி ஒன்று இருந்தது. அதன் புழுவை ஒருவகைச் சிவப்பெறும்பு தன் குட்டி என்று நினைத்துப் புற்றுக்குள் தூக்கிச் செல்லும். புழு உள்ளே உட்கார்ந்து எறும்புக் குட்டிகளையே தின்று வளரும். அந்த எறும்புக்கு வெயில் படும் சூடான மண் வேண்டும். அதாவது ஒட்ட மேய்ந்த புல். மிக்சோமடோசிஸில் முயல் செத்தது, பல சரிவுகளில் ஆடுமாடு மேய்ச்சலும் நின்றிருந்தது, புல் உயர்ந்தது, மண் குளிர்ந்தது, எறும்பு போனது. 1979இல் வண்ணத்துப்பூச்சியும் பிரிட்டனிலிருந்து மறைந்தது. ஜெரமி தாமஸ் என்ற ஆய்வாளர் இந்தச் சங்கிலியைக் கண்டுபிடித்த பிறகுதான், புல்லைக் கட்டையாக வைத்து, ஸ்வீடனிலிருந்து கொண்டுவந்து மறுபடி வாழவைக்க முடிந்தது.

நம் நிலத்தில் முயல் ஏறுகிறதா இறங்குகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

சுட்ட முயலை எண்ணிப் பயனில்லை. முயல் குறைந்தால் நீங்கள் கூடுதலாக நடப்பீர்கள், பையில் அதே எண்ணிக்கை இருக்கும். அதே பாதையில், அதே மாதத்தில், அந்தி நேரத்தில் மெதுவாக நடந்து கண்ணில் பட்டதை எண்ணுங்கள். ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிடுங்கள்.

புழுக்கையையும் பாருங்கள். முயல் ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் புழுக்கை போட்டுக் குவியல் வைக்கும். புதியது கருத்துப் பளபளக்கும், பழையது வெளுத்து உதிரும். வளை வாயும் பேசும்: புழக்கத்தில் உள்ள வாயில் மண் வழவழவென்று தேய்ந்து, ஓரத்தில் முடி ஒட்டியிருக்கும். சிலந்திவலையும் சருகும் அடைத்திருந்தால் அங்கே குடியில்லை.

செத்த முயல் கிடந்தால்?

கண் வீங்கிச் சீழ்பிடித்து, வெளிச்சத்திலேயே அசையாமல் உட்கார்ந்திருந்தால் மிக்சோமடோசிஸ். நன்றாகக் கொழுத்த முயல் காயமேதுமின்றி, சில சமயம் மூக்கில் ரத்தத்தோடு செத்துக்கிடந்தால் ரத்தக்கசிவு நோயாக இருக்கலாம். இதில் பெரும்பாலானவை வளைக்குள்ளேயே சாவதால், வெளியே ஒன்று கிடந்தால் உள்ளே பல என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் மனிதருக்கோ நாய்க்கோ தொற்றாது. ஆனால் மிக்சோமடோசிஸ் வைரஸ் 2018இல் ஐபீரிய நெடுங்கால் முயலுக்கும் தாவிவிட்டது. ஆகவே பிணத்தை இன்னொரு நிலத்துக்கு எடுத்துப் போகாதீர்கள். ரத்தக்கசிவு வைரஸ் பிணத்தில் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். பூட்ஸிலும் வண்டிச் சக்கரத்திலும் ஒட்டிப் பயணம் போகும்.

நோயுற்றதாகத் தெரியும் முயலை உண்ண வேண்டாம். நல்ல முயலைக்கூட உரிக்கும்போது கையுறை போடுங்கள், நன்றாக வேகவையுங்கள். முயலினங்களிலிருந்து மனிதருக்கு வரும் துலரேமியா என்ற காய்ச்சல் உண்டு, 1997-98இல் ஸ்பெயினின் காஸ்டில்யா இ லெயோனில் நெடுங்கால் முயல்களைக் கையாண்ட பலருக்கு வந்தது.

எங்கள் சங்கம் வேட்டையை நிறுத்திவிட்டது. எப்போது மறுபடி தொடங்கலாம்?

ஒரு நல்ல ஆண்டைப் பார்த்து ஏமாறாதீர்கள். மழை நன்றாகப் பெய்தால் குட்டி பெருகும், அடுத்த அலை நோயில் பாதி போகும். நோய் வந்து போன பிறகும் அந்திக் கணக்கு விழாமல் நின்றால், காலியாக இருந்த வளைகளில் மறுபடி மண் தேய்ந்திருந்தால், பேச்சைத் தொடங்கலாம். முதல் பருவத்தில் சில நாள்கள் மட்டும், ஆளுக்கு இத்தனை என்று வரம்பு வைத்து, ஃபெரட் இல்லாமல். நிலத்தின் ஒரு மூலையைச் சுடாமல் ஒதுக்கிவிடுங்கள். எந்த மூலை என்று தேர்ந்தெடுக்கும்போது, இருப்பதிலேயே முயல் அதிகமுள்ள மூலையை ஒதுக்குங்கள். கூட்டத்தில் எல்லோரும் முயலே இல்லாத மூலையைத்தான் கைகாட்டுவார்கள்.